ஒரு சட்டி க்ளோ

ஒரு கல்லூரியின் தேர்வுக் குழு முழுவதையும் நான் அழ வைத்திருக்கிறேன். உணர்ச்சிப் பெருக்கால் அல்ல, மிளகாயால். இதைச் சொல்லும்போது நான் குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும், தலையைக் குனிந்துகொள்ள வேண்டும் என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் எதிர்பார்க்கிறார்கள். முடியாது. அன்றைக்கு நடந்ததில் புகை மட்டும்தான் தப்பு, மற்றதெல்லாம் சரி. இன்னொரு வாய்ப்புக் கிடைத்தாலும் அதையேதான் செய்வேன், ஜன்னல் திறக்கிற அறையாகப் பார்த்து.

அப்பா நாகர்கோவில் பக்கத்திலிருந்து திருவனந்தபுரம் வந்து பழவங்காடியில் பாத்திரக் கடை வைத்தவர். வீடு கரமனையில். நான் ஆங்கிலத்தில் எம்.ஏ. முடித்துவிட்டுக் கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் காலத்து என்னை இப்போது எதிரில் பார்த்தால் எனக்கே இரண்டு அறை வைக்கத் தோன்றும். வாயைத் திறந்தால் அகராதி. சாம்பாரில் உப்பில்லை என்று அம்மாவிடம் சொல்வதற்கு முன்னால், சாலரி என்ற சொல் உப்பிலிருந்து வந்த கதையைச் சொல்லி முடிப்பேன். (சாலரியே இல்லாதவளுக்கு எதுக்கு அந்தக் கதை என்று அப்பா கேட்பார். கேட்டுவிட்டு ரசத்துக்குப் போய்விடுவார்.)

எந்த இன்டர்வியூவுக்குப் போனாலும் குழுவில் நிபுணர் என்று ஒரே ஆள்தான் உட்கார்ந்திருப்பார். ஓய்வு பெற்ற பேராசிரியர் குறுப்பு சார். மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்வார்கள், நான் எடுப்பேன், அவர் கொட்டாவியைக் கைக்குட்டையால் மூடுவார். கடைசியாகப் போன இடத்தில் வாசல் வரை வந்து சொன்னார்: "குட்டீ, விவரமொக்கெ உண்டு. பக்ஷே கிளாஸினு ஒரு சூடு இல்லா." விஷயமெல்லாம் இருக்கிறதாம், வகுப்பில் சூடுதான் இல்லையாம். இருக்கட்டும் ஐயா, காட்டுகிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் அப்பா காத்திருந்தார். "அடுத்ததும் போச்சுன்னா கடைக்கு வந்துரு மக்கா. பாத்திரம் விக்கதுக்கு எவனும் டெமோ கேக்க மாட்டான்" என்றார். கடையில் உட்காருவது கேவலம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அந்தக் கடையில் உட்கார்ந்த யாரும் எழுந்ததாகச் சரித்திரம் இல்லை. அப்பாவே இரண்டு நாளைக்கு என்று உட்கார்ந்தவர்தான். எனக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டும். நாற்பது பேர் உட்கார்ந்து கேட்க, நான் நின்று பேச வேண்டும். வேறு எதுவும் வேண்டாம் என்று இருந்தேன். அதனால் பைபாஸ் ஓரத்துத் தனியார் கல்லூரியிலிருந்து கூப்பிட்டபோது அது எனக்கு வாழ்வா சாவா என்று ஆகிவிட்டது.

வகுப்புக்கு நான் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு சொல்லை. க்ளோ.

எங்கள் தெரு முனை பியூட்டி பார்லரில் வாசலிலேயே எழுதியிருப்பார்கள், க்ளோ என்று. டிவியில் கிரீம் விற்கிறவர்களும் அதையே சொல்வார்கள். ஆனால் அந்தச் சொல் முகத்துக்குப் பிறந்ததே இல்லை. பழைய ஆங்கிலத்தில் அது நெருப்பின் சொல். சுடர் விடாமல் உள்ளுக்குள் சிவந்து, பக்கத்தில் வருகிறவரைச் சுடுவதற்குத்தான் க்ளோ என்று பெயர். நம் தணல், நம் கங்கு. தங்கத்தைச் சொல்லும் கோல்டும் கண்ணாடியைச் சொல்லும் கிளாஸும்கூட அதற்குத் தூரத்துச் சொந்தம் என்று அகராதிக்காரர்கள் சொல்கிறார்கள். பிற்பாடு அது ரத்தம் ஏறிய கன்னத்துக்கு வந்தது. கோபத்துக்கும் பெருமைக்கும் வந்தது. சூடே இல்லாத மின்மினிக்கும் அதையே வைத்துக்கொண்டார்கள். கடைசியில் சாஷே கிரீமில் வந்து நின்றது. ஒரு சொல்லிடமிருந்து சூட்டைத் திருடிவிட்டார்கள், அதைத் திருப்பிக் கொடுக்கப் பிறந்தவள் நான் என்று முடிவு செய்தேன். (இருபத்து மூன்று வயதில் இப்படியெல்லாம் தோன்றும். கல்யாணமானால் சரியாகிவிடும் என்றார்கள், ஆகவில்லை.)

முதல் நாள் சாயங்காலம் அடுக்களைக்குப் போனேன்.

"அம்மா, நாளைக்கு ஒரு சட்டி கனல் வேணும். தேங்காச் செரட்டைக் கனல். சாம்பல் போட்டு மூடித் தா, அணையாம இருக்கணும்."

"என்னத்துக்கு?"

"இன்டர்வியூவுக்கு."

அம்மாவின் கையில் கரண்டி நின்றது. "இன்டர்வியூவுக்குப் போறவ பைலு கொண்டு போவா. வீட்டுலேருந்து சட்டியிலே தீ எப்பம் வெளியே போகும்னு ஒனக்குத் தெரியுமாட்டி?"

தெரியும். வீட்டில் யாராவது செத்தால் போகும். கொள்ளி வைக்கிறவன் சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பான். "இது படிப்பு விஷயம்மா" என்றேன்.

"தீக்குப் படிப்பு தெரியுமா?"

அதற்கு ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அம்மா அதற்கு மேல் பேசவில்லை. அம்மா பேசாவிட்டால் நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்வேன். அந்த வயதில் என் அறிவு அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் நான் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா பின்னால் வந்து, மூடிய கையால் என் தலையை மூன்று தடவை சுற்றினாள். ஒவ்வொரு இன்டர்வியூவுக்கும் செய்வதுதான். கைக்குள்ளே மிளகாய் வற்றல், கல்லுப்பு, கடுகு. சுற்றியதைக் கொல்லையில் இருக்கும் வெந்நீர் அடுப்பில் போடுவாள். போட்டதும் தொண்டையைக் கமறினால் கண் இல்லை, தைரியமாகப் போகலாம். கமறவே இல்லையென்றால் யாரோ கண் வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இது எங்கள் பக்கத்துப் பரிசோதனை, லேப் எல்லாம் தேவையில்லை. அன்றைக்கு அந்தக் கை அடுப்புப் பக்கம் போனதா என்று நான் பார்க்கவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மண்சட்டியை அம்மாவே துணி சுற்றிக் கொண்டுவந்து ஆட்டோவில் வைத்தாள். மேலே பஞ்சு மாதிரி சாம்பல், அதற்கு மேல் ஒரு மூடி. வைத்துவிட்டுப் போகாமல் வாசலிலேயே நின்று மூக்கை இழுத்து இழுத்துப் பார்த்தாள். ஜலதோஷம் போல என்று நினைத்தேன். ஆட்டோ நகர்ந்த பிறகும் பின்னாலேயே நாலடி வந்தாள்.

ஆட்டோக்காரர் வயசானவர். கண்ணாடியில் சட்டியைப் பார்த்தபடி, "மோளே, சட்டியில் எந்தா?" என்று கேட்டார்.

"க்ளோ" என்றேன்.

"ஓ, பிரசாதமாணோ" என்று ஒற்றைக் கையால் கும்பிட்டார். அதன் பிறகு கிழக்கேகோட்டை தாண்டும் வரை தும்மிக்கொண்டே வந்தார். அவருக்கும் ஜலதோஷம் என்று நினைத்தேன். அன்றைக்கு என்னைச் சுற்றி இருந்த எல்லாருக்கும் ஜலதோஷம், எனக்கு மட்டும் மூளைக்கு வேலையில்லை.

கல்லூரியின் புதிய கட்டடத்தில் ஏசி போட்ட அறை. ஜன்னல் எல்லாம் ஒட்டி மூடிய கண்ணாடி, திறக்க வழி கிடையாது. முன் வரிசையில் குறுப்பு சார், பிரின்சிபால் மேடம், நிர்வாகத்தின் சார்பில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர். பின்னால் பி.ஏ. மாணவிகள். மேஜையில் சட்டியை வைத்துவிட்டு, பலகையில் சொல்லை எழுதி, க்ளோ என்றால் என்ன என்று கேட்டேன்.

ரேஷ்மா என்று ஒரு பெண் எழுந்து, "ஃபேஷியல் செய்தால் வருந்நது மிஸ்ஸே" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். குறுப்பு சாரின் கைக்குட்டை மடியிலேயே இருந்தது. அதுவே எனக்குப் பாதி வெற்றி.

முகத்துக்கு அப்புறம் வரலாம், இந்தச் சொல் பிறந்த இடத்தை முதலில் பார்க்கலாம் என்று சட்டியின் மூடியைத் திறந்தேன். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். சாம்பல்தான் தெரிந்தது.

"இதில் ஒந்நும் இல்லல்லோ" என்றார் வெள்ளைச் சட்டை.

"உள்ளே இருக்கு சார். தொட வேண்டாம், கையை மட்டும் மேலே காட்டுங்க."

அவர் காட்டவில்லை. குறுப்பு சார் எழுந்து வந்து காட்டினார். உள்ளங்கையை மெதுவாகத் திருப்பிப் பார்த்தார். "சூடு உண்டு" என்றார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு சின்னப் பையனின் ஆர்வம் இருந்தது. கண்ணுக்குத் தெரியாமல் தோலுக்குத் தெரிகிறதே, இந்தச் சொல்லுக்கு முதலில் இருந்த அர்த்தம் இதுதான் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவ்வளவு நன்றாக நான் அதற்கு முன் பேசியதில்லை. பின்வரிசைப் பெண்கள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள். வேலை என் கைக்கு வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது, அந்த அறையில் இருந்த எல்லாருக்குமே தெரிந்தது.

அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற ஜாதியா நான்?

"இன்னும் கொஞ்சம் குனிங்க சார். இப்ப வெளிச்சமும் வரும்" என்றேன். அவர் குனிந்தார். நான் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துச் சட்டிக்குள் ஊதினேன்.

சாம்பல் பறந்தது. கனல் சிவந்தது. கல்லுப்பு வெடித்தது, கடுகு படபடவென்று பொரிந்தது. கனலுக்கு இடையிலிருந்து கறுத்துப்போன மிளகாய் ஒன்று மெல்லத் தலையைத் தூக்கித் தீப்பிடித்தது. அதன் பின்னால் அதன் உறவுக்காரர்கள் எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். காலையில் கொல்லை அடுப்பில் எரிந்து முடிந்திருக்க வேண்டியது, ஜன்னல் திறக்காத அறையில் குறுப்பு சாரின் மூக்குக்கு ஒரு சாண் கீழே எரிந்தது.

முதல் இருமல் அவருடையது. பிறகு யார் இருமுகிறார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஏசி அந்தப் புகையை எடுத்து எல்லாருக்கும் சமமாகப் பங்கு வைத்தது. பிரின்சிபால் மேடம் முந்தானைக்குள் போய்விட்டார். "கண்ணு காணான் வய்யா", கண் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டே வெள்ளைச் சட்டைக்காரர் கதவென்று நினைத்துப் பலகையைத் தள்ளினார். கூரையில் இருந்த வெள்ளை டப்பா ஒன்று கூவ ஆரம்பித்தது. அது ஆரம்பித்ததும் கட்டடம் முழுக்க இருந்த டப்பாக்கள் கூவின. மூன்று மாடியிலிருந்தும் பிள்ளைகள் கைதட்டிக்கொண்டே இறங்கி ஓடினார்கள்.

நானும் வெளியே வந்தேன், சட்டியோடு. (தீயை உள்ளே விட்டுவிட்டு வருவதற்கு நான் என்ன பொறுப்பில்லாதவளா?) கார் நிறுத்தும் இடத்தில், நடுவில் சிமென்ட் தரையில் வைத்தேன். வெளிக்காற்று பட்டதும் சாம்பலெல்லாம் போய்க் கனல் அப்படியே செக்கச்செவேல் என்று நின்றது. என்ன அழகு. சுற்றிலும் பார்த்தேன். பிரின்சிபாலிலிருந்து கடைசி மாணவி வரை எல்லாருக்கும் மூக்கும் கன்னமும் சிவந்து, கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "இதுதான் முதல் அர்த்தம்" என்று சட்டியைக் காட்டினேன். "உங்க கன்னமெல்லாம் ரத்தம் ஏறிச் சிவந்திருக்கே, அது ரெண்டாவது அர்த்தம்." மூன்றாவதாகக் கோபத்துக்கு வரவேண்டும். அதற்கு உதாரணம் தேட வேண்டியிருக்கவில்லை, பிரின்சிபால் மேடம் என்னை நோக்கி வந்துகொண்டிருந்தார். அவரைக் கை காட்டுவதற்கு மட்டும் எனக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் ரேஷ்மா புரிந்துகொண்டாள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அலுவலக அறையில் என்னை உட்கார வைத்தார்கள். குறுப்பு சார் ஈரத் துண்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டே, நெடுநாளாக இப்படி ஒரு வகுப்பு தான் பார்க்கவில்லை என்று மலையாளத்தில் சொன்னார். கேலி இல்லை, உண்மையாகவே சொன்னார். வெள்ளைச் சட்டைக்காரருக்கு மட்டும் ஒரு விளக்கம் வேண்டியிருந்தது. பிரின்சிபால் மேடம் நல்லவர், எனக்கு வழி செய்து கொடுத்தார்.

"மோளே, முளகு வெச்சது மோளல்லல்லோ?" என்றார். மிளகாய் வைத்தது நானில்லை என்று அவருக்கே தெரிந்திருந்தது. "வீட்டில் யாராவது பழைய ஆட்கள் இருப்பாங்க. படிப்பில்லாதவங்க, அந்தவிசுவாசம். எனக்குத் தெரியாம வெச்சுட்டாங்கன்னு இவரிட்ட சொல்லிடு. பிரச்சனை தீர்ந்தது, திங்கட்கிழமை ஜாயின் பண்ணிக்கோ." (அந்தவிசுவாசம் என்றால் மூடநம்பிக்கை.)

சொல்வதற்கு ஒரு வாக்கியம்தான். சொன்னால் நாற்பது பேர் எதிரில் நான் நிற்கலாம். அதுவும் உண்மையான வாக்கியம், பொய்கூட இல்லை. எனக்கும் அம்மா மேல் கொலைவெறி இருந்தது. வீட்டுக்குப் போனதும் அந்த மிளகாய் டப்பாவைத் தெருவில் எறிவேன் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் படிப்பில்லாதவங்க என்ற சொல் காதில் விழுந்ததும் வாசலில் மூக்கை இழுத்துக்கொண்டு நின்ற அம்மா ஞாபகத்துக்கு வந்தாள். தீ வெளியே போகக்கூடாது என்று அவளுக்கு அவ்வளவு பயம். இருந்தும் எனக்காக விடியற்காலையில் எழுந்து கனல் எடுத்தாள். என் அம்மாவை நான் திட்டுவேன், ஆயிரம் திட்டுவேன். ஏசி அறையில் உட்கார்ந்து இன்னொருத்தர் சொல்ல, அதற்கு நான் தலையாட்ட வேண்டுமா?

"நான்தான் வெச்சேன் மேடம்" என்றேன்.

"எந்தினு?" என்று காரணம் கேட்டார் வெள்ளைச் சட்டை.

"கண்ணு படாம இருக்க."

குறுப்பு சார் துண்டை இறக்கினார். "ஆருடெ கண்ணு?"

"உங்க கண்ணுதான் சார்" என்றேன்.

இதோடு இன்டர்வியூ முடிந்தது. நன்றி சொல்லிவிட்டு எழுந்தேன். சட்டியை அவர்கள் திருப்பிக் கொடுத்தார்கள், சர்ட்டிபிகேட்டுகளுக்கு முன்னால்.

வீட்டு வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். வேலை கிடைத்ததா என்று கேட்கவில்லை. ஆட்டோவிலிருந்து நான் கால் வைப்பதற்குள், "கமறிச்சா?" என்று கேட்டாள்.

"கமறிச்சு."

"நல்லா?"

"நல்லாவே."

அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "காலையிலே சட்டியிலே போட்டதுக்கு ஒரு சத்தமும் இல்ல, வாசனையும் இல்ல. எவளோ கண்ணு வச்சுட்டாளேன்னு நான் பச்சத் தண்ணி குடிக்கல்ல பாத்துக்கோ." பிறகுதான் வேலையைக் கேட்டாள். கிடைக்கவில்லை என்றேன். "கண்ணும் இல்ல, பின்ன என்னத்துக்குக் கிடைக்கல்ல? நீ ஒழுங்காச் சொல்லியிருக்க மாட்டே" என்று உள்ளே போய்விட்டாள்.

அடுத்த வாரம் கடையில் உட்கார்ந்தேன். ஒருநாள் குக்கர் வாங்க வந்த ஒரு அம்மாவின் பின்னால் ரேஷ்மா நின்றாள். என்னைப் பார்த்ததும் குக்கரை விட்டுவிட்டாள். "மிஸ்ஸே, அந்த பாக்கி அர்த்தம்?" என்றாள். கல்லாவில் உட்கார்ந்தபடியே பாக்கியைச் சொன்னேன். மறுநாள் தோழிகளைக் கூட்டிவந்தாள். குண்டானும் தவலையுமாகக் கடையில் நிற்க இடமில்லாமல் போனதும், மாடியில் சரக்கு வைத்திருந்த அறையை அப்பாவே காலி செய்து கொடுத்தார். இன்றைக்கும் அங்கேதான் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். நாற்பது பேருக்கு மேல் வருகிறார்கள், ஜன்னல்கள் நான்கும் திறக்கும். கடையில்தானே உட்கார்ந்திருக்கே என்று அப்பா தான் ஜெயித்ததாகச் சொல்கிறார். நான் உட்காரவில்லை, நிற்கிறேன். அதுவும் மாடியில்.

எங்கள் வீட்டில் இப்போது யாரும் எதற்கும் என்ன ஆச்சு என்று கேட்பதில்லை. பரீட்சை எழுதிவிட்டு வந்தாலும், பெண் பார்த்துவிட்டு வந்தாலும், ஸ்கேன் எடுத்துவிட்டு வந்தாலும், கமறிச்சா என்றுதான் கேட்பார்கள். என் புருஷன் கல்யாணமாகி வந்த புதிதில் இதற்கு அர்த்தம் கேட்டார். முழுக்கதையையும் அப்பா சொன்னார், அம்மாவின் மிளகாயால் பெண்ணின் வேலை போன கதையாக. அம்மா எதிர்த்துப் பேசுவாள், ஆனால் முகம் கொஞ்சம் சுருங்கும். நானும் அந்த அலுவலக அறையில் நடந்ததை மட்டும் சொல்லாமலேயே வைத்திருந்தேன்.

போன ஓணத்துக்கு எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அப்பா மறுபடி ஆரம்பித்தார். அம்மாவின் முகம் சுருங்கியது. எனக்குப் பொறுக்கவில்லை. இலையிலிருந்து தலையை நிமிர்த்தி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வேலை கிடைத்துவிட்டது, ஒரு வாக்கியத்துக்காக நான்தான் வேண்டாம் என்று வந்தேன், மிளகாயை நானே வைத்ததாகச் சொன்னேன் என்று. அப்பா பாயசத்தைக் கீழே வைத்தார். புருஷன் என்னையே பார்த்தார். அம்மா கண் கலங்குவாள், என் கையைப் பிடித்துக்கொள்வாள் என்று நானும் ஒரு கையைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அம்மாவுக்குக் கோபம் வந்தது. கன்னம் இரண்டும் சிவந்தது.

"ஏட்டி, நீ எப்படிச் சொல்லலாம்?" என்றாள். "மொளவு எத்தனை, உப்பு எவ்வளவு, எந்தக் கையாலே சுத்தணும், ஒனக்கு ஒரு மண்ணும் தெரியாது. காலேஜ் முழுக்கக் கமற வச்சது நான். அதைப் போய் ஒம் பேருலே சொல்லிட்டு வந்திருக்கியே."